குடிக்கலாமா, கூடாதா? கர்ப்ப காலக் கோப்பியும் நாம் சொல்லும் அறிவுரைகளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், சுகாதார சேவையில் பணியாற்றிய பழைய மாணவிகள் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



பெண்களின் ஆரோக்கியம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று விழாக் குழுவினர் எங்களைக் கேட்டார்கள். எங்களில் சிலர் குடும்பநல உத்தியோகத்தர்களாக வீடு வீடாகத் திரிந்தவர்கள். சிலர் தாதியராக வார்ட்டில் நின்றவர்கள். பெரிய தலைப்புகள் பல நினைவுக்கு வந்தன. கடைசியில் நாங்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டது ஒரு சின்னத் தலைப்பு. கர்ப்பிணி கோப்பி குடிக்கலாமா, கூடாதா என்பது.

இது சிரிப்புக்குரிய கேள்வி இல்லை. எங்கள் கிளினிக்குகளில் அடிக்கடி கேட்கப்பட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையும் நாலு பதிலோடு வந்து ஐந்தாவது பதிலை எங்களிடம் கேட்டது. அம்மம்மா சொல்லுவா, "கோப்பி குடியாத மகள், பிள்ளை கறுத்துப் போகும்." மாமி சொல்லுவா, "கோப்பி சூடு, கரு தங்காது. பப்பாசி, அன்னாசி மாதிரித்தான்." பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவா, "நான் மூண்டு பிள்ளைக்கும் குடிச்சனான், ஒண்டும் நடக்கேல்ல." லண்டனில் இருக்கும் தங்கச்சி தொலைபேசியில், "இங்க 200 மில்லிகிராமுக்கு மேல கூடாது எண்டு மிட்வைஃப் சொல்லுறா" என்பாள். ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள், "எங்களுக்கு 300 வரைக்கும் பிரச்சினை இல்லையாம்" என்பாள். இத்தனை பேருக்கு நடுவில் அந்தப் பிள்ளை கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு குடிப்பதா, கொட்டுவதா என்று நிற்கும்.

லண்டன் தங்கச்சியும் ரொறன்ரோ மச்சாளும் பொய் சொல்லவில்லை. பிரித்தானியாவில் அறிவுரை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம். கனடாவின் சுகாதாரத் திணைக்களம் சொல்வது 300. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015இல் 200 வரை கருவிலுள்ள பிள்ளைக்குக் கவலையில்லை என்றது. உலக சுகாதார நிறுவனம் 2016இல், ஒரு நாளைக்கு 300க்கு மேல் எடுக்கும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்கட்டும் என்றது. படித்த வைத்தியர்கள் கூடிச் சொன்னதே இப்படி இரண்டாக நிற்கும்போது, அம்மம்மாவையும் மாமியையும் மட்டும் நாங்கள் குறை சொல்ல முடியாது.

முதலில் கோப்பிக்குள் இருக்கும் விஷயத்தைப் பார்ப்போம். அதன் பெயர் கஃபீன். நித்திரையை விரட்டுவதும், கோப்பியை நிறுத்தினால் தலையிடி தருவதும் அதுதான். சாதாரணமாக ஒரு பெண் எடுக்கும் கஃபீனில் பாதி, ஏறத்தாழ 5 மணித்தியாலத்தில் உடம்பிலிருந்து போய்விடும். கர்ப்பம் வளர வளர ஈரல் அதை மெதுவாகவே கழிக்கிறது. கடைசி மாதங்களில் பாதி போவதற்கே 15 மணித்தியாலம் வரை செல்லும். காலையில் குடித்த கோப்பி இரவிலும் இரத்தத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நச்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. பிள்ளையிடம் போய்ச் சேருகிறது. கருவிலுள்ள பிள்ளைக்கு அதைக் கழிக்கும் வசதி இல்லை. வைத்தியர்கள் கவலைப்படத் தொடங்கிய காரணம் இதுதான்.

1980இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கர்ப்பிணிகள் கஃபீனைத் தவிர்க்க வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்று அறிவித்தது. அதற்கு ஆதாரம் எலிகள் மேல் செய்த சோதனை. எலியின் வயிற்றுக்குள் குழாய் விட்டு ஒரேயடியாகப் பெரிய அளவு கஃபீனைச் செலுத்தியிருந்தார்கள். குட்டிகளுக்குக் கால்விரல்கள் குறைந்திருந்தன. மனிதப் பெண் எவரும் அப்படிக் கோப்பி குடிப்பதில்லை. ஆனாலும் அந்தப் பயம் உலகெங்கும் பரவி, இன்றும் போகவில்லை.

பிறகு மனிதரிடமே ஆராய்ச்சிகள் நடந்தன. 2008ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் ஆயிரத்துக்குச் சற்று அதிகமான கர்ப்பிணிகளைப் பார்த்தவர்கள், ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்குக் கருச்சிதைவு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் வேறொரு குழு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பார்த்துவிட்டு, அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை என்றது. அதே ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ், லெஸ்டர் நகரங்களில் 2635 கர்ப்பிணிகளைப் பார்த்தவர்கள், கஃபீன் கூடக் கூடப் பிள்ளையின் வளர்ச்சி குறையும் வாய்ப்பும் கூடுகிறது என்றார்கள். அதன் பிறகுதான் பிரித்தானியா தனது எல்லையை 300இலிருந்து 200க்கு இறக்கியது. லண்டன் தங்கச்சியின் கணக்கு அங்கிருந்து வந்தது.

ஏன் இப்படி மாறி மாறி வருகிறது? இதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. நாலு பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணுக்கும் இவை விளங்கும்.

முதலாவது, மசக்கை. நன்றாகத் தங்கியிருக்கும் கர்ப்பத்தில் ஓங்காளமும் சத்தியும் கூடுதலாக இருப்பது வழமை. சத்தி வருகிறவளுக்குக் கோப்பி மணமே பிடிக்காது. அவள் தானாகவே கோப்பியை விட்டுவிடுவாள். கரு சரியாக வளராதவளுக்குச் சில வேளைகளில் சத்தி குறைவு. அவள் வழமைபோலக் கோப்பி குடித்துக்கொண்டிருப்பாள். பிறகு கரு கலைந்தால், கணக்கில் "கோப்பி குடித்தவளுக்குக் கலைந்தது" என்று விழும். உண்மையில் கரு முதலே சரியில்லாமல் இருந்திருக்கலாம். கோப்பியை விடாதது அதன் அடையாளமாக மட்டுமே இருந்திருக்கலாம்.

இரண்டாவது, சிகரெட். மேல்நாடுகளில் அதிகம் கோப்பி குடிக்கும் பெண்களில் புகைப்பவர்களும் அதிகம். புகை பிள்ளையின் எடையைக் குறைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனாலும் முழுதாகக் கழிந்ததா என்பது எப்போதும் விவாதத்துக்குரியது.

இந்தச் சிக்கலைத் தாண்ட டென்மார்க்கில் ஒரு நல்ல முயற்சி நடந்தது. அதன் முடிவு 2007இல் வெளியானது. தினமும் குறைந்தது மூன்று கோப்பை கோப்பி குடிக்கும் 1207 கர்ப்பிணிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சாதாரண உடனடிக் கோப்பித் தூள். மற்றக் குழுவுக்குக் கஃபீன் எடுத்த தூள். எது யாருக்கு என்று குடித்தவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் பிறந்தபோது இரண்டு குழுவுக்கும் சராசரி எடையில் இருந்த வித்தியாசம் 16 கிராம். அது தற்செயலாகவே வரக்கூடியது. ஆனால் இது கர்ப்பத்தின் பிற்பாதியில் மட்டும் செய்த சோதனை. முதல் மூன்று மாதத்துக் கருச்சிதைவு பற்றி இது எதையும் சொல்லாது.

2020இல் ஓர் ஆய்வாளர், முன்னைய ஆராய்ச்சிகளை எல்லாம் தொகுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பிணிக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றுமே இல்லை என்று எழுதினார். பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் றோயல் கல்லூரி, 200 என்ற எங்கள் அறிவுரை அப்படியே நிற்கிறது என்று பதில் சொன்னது. ஆகவே சகோதரிகளே, விவாதம் இன்னும் முடியவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் எல்லோரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. "பாதிப்பு நிச்சயமாகத் தெரிவது எந்த அளவில்?" என்பது ஒரு கேள்வி. "எதற்கும் பயந்து எந்த அளவில் நின்றுகொள்வது நல்லது?" என்பது வேறொரு கேள்வி. "ஒரு துளியாவது தேவையா?" என்பது மூன்றாவது கேள்வி. கேள்வி வேறானால் பதிலும் வேறாகத்தான் வரும். 200, 300 என்று சொல்கிற இருவருமே மூன்று விடயங்களில் ஒத்துப்போகிறார்கள். நிறையக் குடிப்பது நல்லதல்ல. ஒன்றிரண்டு கோப்பையால் கேடு வரும் என்று உறுதியாகக் காட்ட ஆதாரம் இல்லை. சந்தேகம் இருக்கும் இடத்தில் குறைத்துக்கொள்வதால் நட்டம் இல்லை. நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தது 200ஐத் தாண்டாதீர்கள் என்பதுதான். குறைந்த எல்லைக்குள் நின்றால் இரண்டு தரப்புக்கும் சரி.

இனி அந்த 200 எவ்வளவு என்று பார்ப்போம். இங்கேதான் எங்கள் ஊரில் கணக்குப் பிழைக்கிறது. பிரித்தானியர் தரும் கணக்குப்படி, ஒரு பெரிய மக் உடனடிக் கோப்பியில் ஏறத்தாழ 100 மில்லிகிராம் கஃபீன். வடித்த கோப்பியில் 140. ஒரு மக் தேநீரில் 75. ஒரு கான் கோலாவில் 40. 250 மில்லிலீற்றர் சக்திப் பானத்தில் 80. எங்கள் கோப்பைகள் சிறியவை, ஆனால் எங்கள் சாயம் கடுமை. ஆகவே கிட்டத்தட்ட இதையே வைத்துக்கொள்ளலாம்.

"நான் கோப்பியே குடிக்கிறேல்ல மிஸ், தேத்தண்ணி மட்டும்தான்" என்று எத்தனை பிள்ளைகள் எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். விடிய நாலு மணிக்கு வள்ளம் கரைக்கு வரும் நேரம் ஒரு பிளேன்ரீ. மீன் தெரிந்து முடிந்து ஒன்று. பத்து மணிக்கு ஒன்று. பின்னேரம் பால்மா போட்டு ஒன்று. நாலு மக் என்றால் 300. கோப்பியைத் தொடாமலே அந்தப் பிள்ளை லண்டன் எல்லையைத் தாண்டி ரொறன்ரோ எல்லையில் நிற்கிறது. மாமி வீட்டில் கோப்பிப் போத்தலை ஒளித்து வைத்தும் பயனில்லை.

எங்கள் மன்னார் மண்ணுக்கு இந்த இரண்டு பானங்களோடும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் இறந்தவர்கள் ஏராளம். 1869இல் கோப்பி இலைநோய் தொடங்கியது. பத்துப் பதினைந்து வருடத்தில் அந்தத் தோட்டங்கள் அழிந்து தேயிலை வந்தது. அதனால்தான் இன்று எங்கள் குசினிகளில் கோப்பியை விடத் தேத்தண்ணி அதிகம். செடி மாறினாலும் கஃபீன் இரண்டிலும் உண்டு. கர்ப்பிணி கணக்குப் பார்க்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். தலையிடிக்கு வாங்கும் சில குளிசைகளிலும் கஃபீன் சேர்ப்பதுண்டு. வைத்தியரைக் கேட்காமல் கடையில் குளிசை வாங்கிப் போட வேண்டாம்.

வேர்க்கொம்பும் மல்லியும் கூட்டி வறுத்து இடித்த எங்கள் வீட்டுக் கோப்பித் தூளில், சேர்த்த சரக்கின் அளவுக்குக் கோப்பி குறையும். ஆகவே கஃபீனும் குறையும். வெறும் மல்லித் தண்ணியில் கஃபீன் இல்லை. கோப்பி ஆசையை அடக்க முடியாத பிள்ளைக்கு எங்கள் கிழவிகள் மல்லித் தண்ணி வைத்துக் கொடுத்தது நல்ல யோசனைதான்.

இந்த விடயத்தில் எங்களுக்கு இருந்த பெரிய கவலை கஃபீன் அல்ல. இரத்தச்சோகை. கிளினிக்கில் இரும்புச்சத்துக் குளிசை இலவசமாகக் கொடுக்கிறோம். திரிபோஷ கொடுக்கிறோம். பிள்ளை வீட்டுக்குப் போய் மத்தியானச் சாப்பாட்டோடு ஒரு தேத்தண்ணி, குளிசையையும் அந்தத் தேத்தண்ணியோடு விழுங்குகிறது. தேநீரிலும் கோப்பியிலும் உள்ள சாயச்சத்து, உணவிலுள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். 1983இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு கோப்பி குடித்தபோது உடம்பு எடுத்த இரும்பு 39 சதவீதம் குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 சதவீதம் குறைந்தது. சாப்பிடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு குடித்த கோப்பி எதையும் குறைக்கவில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தது, சாப்பாட்டோடு குடித்த அளவுக்கே குறைத்தது.

பிள்ளைப்பேற்றில் இரத்தம் போகும்போது, ஏற்கெனவே இரத்தம் குறைந்த தாய்க்குத் தாங்கும் சக்தி இராது. எங்களில் வார்ட்டில் நின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்று தெரியும். ஆகவே கோப்பியோ தேநீரோ, சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்போ, இரண்டு மணித்தியாலம் பின்போ குடியுங்கள். இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுங்கள். கல்சியம் குளிசையை வேறு நேரத்தில் எடுங்கள். எங்களுக்குக் கடல் தந்த மீன் இருக்கிறது. மீனிலுள்ள இரும்பு இலகுவாக உடம்பில் சேரும். கூடச் சாப்பிடும் முருங்கையிலை வறையிலுள்ள இரும்பையும் சேர வைக்கும்.

இனி, இந்தத் தலைப்பை நாங்கள் எடுத்ததற்கான உண்மையான காரணத்துக்கு வருகிறோம்.

கரு கலைந்த பிள்ளைகளின் வீட்டுக்கு நாங்கள் போயிருக்கிறோம். பாயில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். அழுகை நின்றிருக்காது. குசினிக்குள் பெண்கள் மெதுவாகப் பேசுவார்கள். மெதுவாகப் பேசினாலும் அந்தப் பிள்ளைக்குக் கேட்கும். "சொல்லச் சொல்லக் கோப்பி குடிச்சவள்." "கேட்டால்தானே." ஒரு பிள்ளை எங்களிடம் கேட்டது, "மிஸ், நான் குடிச்ச அந்தக் கோப்பியாலயா?" பத்தாவது கிழமையில் போன கரு. அது குடித்தது காலையில் ஒரு கோப்பை. இன்னொரு பிள்ளை அடுத்த கர்ப்பம் முழுவதும் தேநீர், கோப்பி மட்டுமல்ல, பயத்தில் சோற்றையும் பாதியாக்கியது.

தெரியவரும் கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கலைந்துவிடுகின்றன. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறத்தாழப் பாதி, கரு உருவாகும் நேரத்திலேயே குரோமோசோம்களில் நேர்ந்த பிழையால் வருபவை. அது தாய் சாப்பிட்டதாலோ குடித்ததாலோ வருவதில்லை. நடந்ததாலோ, குனிந்து மீன் தெரிந்ததாலோ வருவதுமில்லை. எந்த வைத்தியராலும் ஒரு தனிப் பெண்ணைப் பார்த்து, உன் கோப்பியால்தான் இது நடந்தது என்று சொல்ல முடியாது. வைத்தியரால் சொல்ல முடியாததை நாங்கள் குசினிக்குள் இருந்து சொல்லலாமா?

"குறைத்துக் குடி மகள்" என்பது அறிவுரை. "நீ குடித்ததால்தான்" என்பது தீர்ப்பு. முதலாவதைக் கர்ப்பத்துக்கு முன்பும் கர்ப்பத்தின்போதும் தாராளமாகச் சொல்லுங்கள். இரண்டாவதை எப்போதும் சொல்லாதீர்கள். அடுத்த பிள்ளையை ஆசையோடு சுமக்க வேண்டியவளைக் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம்.

இங்கே இருக்கும் எங்களில் பலர் இன்று மாமிமார், அம்மம்மாமார். தொலைபேசியில் அறிவுரை சொல்லும் பெரியம்மாமார். அதனால் சில வேண்டுகோள்கள்.

கர்ப்பிணி ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்தால், பகலில் அவள் எத்தனை தரம் கோப்பியும் தேநீரும் குடிக்கிறாள் என்று சேர்த்து எண்ணுங்கள். 200 மில்லிகிராமுக்குள் நின்றால் அவளை விட்டுவிடுங்கள். கூடினால் மெல்ல மெல்லக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலையிடியும் எரிச்சலும் வரும். கோப்பி பிள்ளையைக் கறுப்பாக்காது. நிறம் தாய் தகப்பனிடமிருந்து வருவது, கறுப்பு ஒரு குறையும் அல்ல. உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுப் படபடப்பு, நித்திரையின்மை உள்ளவர்களும், முன்பு கரு கலைந்தவர்களும் தங்கள் வைத்தியரிடம் தனியாகக் கேட்கட்டும். அவர்களுக்கு அவர் சொல்லும் அளவே அளவு. வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளே, அங்கே உங்கள் மிட்வைஃப் சொல்வதைக் கேளுங்கள். ஊரில் இருக்கும் தங்கச்சிக்கு அதைச் சொல்லும்போது, "உன்ர கிளினிக்கிலும் ஒருக்காக் கேள்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.

நூறு வருடமாக இந்தப் பாடசாலை பெண் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கோப்பைகளை எண்ணவும் பாவியுங்கள். எண்ணிய பிறகு, அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் ஒரு மல்லித் தண்ணி குடியுங்கள்.